கிணற்றுக்காரி வந்த வீடு

பயமாக இருந்தால் இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்துகொள்ளுங்கள், தங்கச்சி. இங்கிருந்து பஸ் டி.வி. தெரியாது, கம்பியும் கண்டக்டர் முதுகும்தான் தெரியும். எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். பேய்ப் படம் பார்த்து எனக்கு இப்போது ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் மத்தியான நேரம் கேபிளில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். நான் அவரைக்காய் அரிந்துகொண்டே பார்ப்பேன். பேய் வரும், போகும். காய் அரிந்து முடிந்துவிடும்.

இந்தப் பையைக் கீழே வைக்கலாமா? வேண்டாம், பழம் நசுங்கிவிடும். மடியிலேயே இருக்கட்டும். பூவும் பழமும் இருக்கிறது. ராஜபாளையத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போகிறேன். என் மகளை அவர்கள் மகனுக்குப் பேசியிருக்கிறது. இன்றைக்கு நாள் குறிக்கிறார்கள். பூவைத் தட்டில் வைத்துச் சரி என்று சொல்லிவிட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரவேண்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏன்தான் கஷ்டம். என் வீட்டுக்காரர் வரவில்லை. அவர் இப்போது வீட்டுக்கே வருவதில்லை, கடையில்தான் படுக்கை. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் யாரோ நான் யாரோ, உங்களிடம் சொல்வதில் என்ன இருக்கிறது. சிரிக்க மட்டும் கூடாது.

நான் பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தீப்பெட்டி ஒட்டுவோம். எனக்குக் கை வேகம். அதனால் ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். என் அக்கா செண்பகத்துக்குக் கை வராது. பசையை அப்பி அப்பி வைப்பாள், பெட்டி கோணிக்கொண்டு நிற்கும். உன்னை வைத்து என்ன செய்ய என்று அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

தெருவுக்கு ஒரே டி.வி., கணக்குப்பிள்ளை வீட்டில். அப்போது நம்ம டி.வி. எங்கள் பக்கம் எடுக்காது, இலங்கை டி.வி.தான் எடுக்கும். அதுவும் நல்ல நாளில் ஆள் முகம் தெரியும், மற்ற நாளில் எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளிதான். மாடியில் ஒருத்தர் ஆன்டெனாவைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு தெரியுதா, தெரியுதா என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் கீழேயிருந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்போம். யாரோ ஒரு அம்மா நமக்குப் புரியாத பாஷையில் செய்தி வாசிக்கும். அதையும் முழுதாகப் பார்ப்போம், அந்தம்மா கட்டியிருக்கிற சேலைக்காக. பிறகு கொடைக்கானலில் டவர் வைத்து நம்ம டி.வி. வந்தது. வெள்ளிக்கிழமை பாட்டு, ஞாயிற்றுக்கிழமை படம். நடுவில் நின்றுபோனால் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று ஓர் அட்டையை வைப்பார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழக்கம் விட்டுப்போகாமல் இருந்ததே அந்த அட்டையால்தான்.

ஆனால் பேய்ப் படம் டி.வி.யில் போடமாட்டார்கள். அதற்குக் கேசட் போடுகிற டெக் வேண்டும். உங்கள் வயசுக்குத் தெரியாது. யார் வீட்டிலாவது சடங்கு, பால்காய்ப்பு என்றால் டவுனிலிருந்து டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு வரும், டிரைசைக்கிளில், மெத்தைக்கு நடுவில் வைத்து. முதல் படம் சாமிப் படம். அது எல்லோருக்கும். அடுத்தது சண்டைப் படம், அது ஆண்களுக்கு. பேய்ப் படத்தைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். சாயங்காலம் டெக்கைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதால் மறுநாள் மத்தியானம் அவசரமாகப் போடுவார்கள். ஜன்னலில் எல்லாம் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கிவிடுவார்கள். வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே அத்தனை பேரும் வேர்த்து, பசை வாடையும் ஆள் வாடையுமாக உட்கார்ந்திருப்போம்.

நான் பார்க்கமாட்டேன். பாட்டு நின்று ஒரு மாதிரி சத்தம் வந்ததுமே செண்பகத்தின் பாவாடைக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். அவள் கண்ணைக் கொட்டாமல் பார்ப்பாள். பார்த்து எனக்குச் சொல்லுவாள். இப்போ கதவு திறக்குது. இப்போ யாரும் இல்ல. இப்போ பின்னால நிக்கிது. நான் பார்த்த பேய்ப் படம் எல்லாம் அவள் வாயால் கேட்டதுதான்.

அதில் ஒரு படம். பெயர் தெரியாது. கேசட்டில் தலைப்பு வருகிற இடம் அழிந்துபோயிருக்கும், நேரே கிணற்றிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அடித்துக் கிணற்றில் போட்டுவிடுகிறார்கள். கழுத்து ஒடிந்து செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்போது கல்யாணம் என்றாலும் வந்துவிடுவாள். ஒடிந்த கழுத்து இடது தோள்மேல் சாய்ந்து கிடக்கும். தண்ணீர் கேட்பாள். கொடுத்தால் ஒரு குடம் தண்ணீரையும் அப்படியே குடித்துவிடுவாள். கடைசியில் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குள் போய்விடுவாள். நாங்கள் அவளைக் கிணற்றுக்காரி என்போம். தெருவில் யார் டெக் எடுத்தாலும் இந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கிவரச் சொல்வாள் செண்பகம்.

அதோடு விடமாட்டாள். ஒட்டிய தீப்பெட்டியைக் காயப்போட்டிருக்கிற பின்பக்கத்தில் எனக்கு அதை நடித்தும் காட்டுவாள். முடியை ஒருபக்கமாகப் போட்டு, தலையை இடது தோளில் சாய்த்து, தண்ணி குடு என்பாள். குரல் எங்கிருந்து வரும் என்றே தெரியாது. அச்சு அசலாக இருக்கும். நான் அழுதுகொண்டு ஓடுவேன். "ஏட்டி பட்டு, நான்தாம்ட்டி" என்று பின்னால் சிரித்துக்கொண்டே வருவாள். என் பெயர் பட்டுக்கனி. இப்போது அப்படிக் கூப்பிட அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

கண்டக்டர் சில்லறை தந்துவிட்டாரா? சரி, தந்துவிட்டார்.

செண்பகத்தை அத்தை மகனுக்குப் பேசினார்கள். அய்யாத்துரை அத்தான். அப்பா தன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். செண்பகத்துக்கு அத்தானைப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொன்னாள். அழுதாள். சாப்பிடாமல் கிடந்தாள். டீச்சர் டிரெயினிங் போகிறேன் என்று அப்பா காலைப் பிடித்தாள். பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று என்று அப்பா சொல்லிவிட்டார். பாவம், கஷ்டத்துக்கு மேல் கஷ்டம், அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது.

எந்தப் பேய் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அத்தையும் அத்தானும் ஜெயக்கொடி மதினியும் பட்டுச் சேலை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஜெயக்கொடி மதினி அத்தானுக்கு அக்கா, இப்போது நான் பார்க்கப்போகிறவர்கள் அவர்கள்தான். சேலையைப் பிரித்து மேலே வைத்துப் பார்க்கும்போது செண்பகத்தின் தலை இடது தோளில் சாய்ந்தது. தண்ணி குடு என்றாள். அதே குரல். ஒரு குடத்தைத் தூக்கிக் குடித்தாள். பாதி வாயில், பாதி புதுச்சேலையில். அத்தை எழுந்து சுவரோடு ஒண்டிக்கொண்டாள். அத்தான் வாசலில் செருப்பைத் தேடினார். மதினி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. "நல்லா நடிக்கா" என்றார்கள்.

அது நடிப்பு இல்லை. அவள் நடித்து நான் பார்த்திருக்கிறேனே. அதேமாதிரிதான் இருந்தது என்றாலும், இது வேறு. பேய் ஓட்டுகிற கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கை அடித்தபோது அவரே சொன்னார். இந்தப் பிள்ளை இதை ஒரு தடவைக்கு மேல் கூப்பிட்டிருக்கு, அதான் வந்து உட்கார்ந்துட்டு என்றார். நடித்து நடித்துக் காட்டினாள் அல்லவா, அதைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புல்லரித்துப்போனது. கோடாங்கி என்ன வேண்டும் என்று கேட்டார். கல்யாணத்தை நிறுத்து, போயிருதேன் என்றது. கோழி தருகிறேன், சேலை தருகிறேன் என்று எவ்வளவோ பேசிப் பார்த்தார். வேறு எதையும் கேட்கவில்லை. அத்தை வீட்டு ஆட்கள் வந்தால்தான் வரும், அவர்கள் பஸ் ஏறிவிட்டால் போய்விடும். மற்ற நேரம் அவள் பாட்டுக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருப்பாள்.

எனக்கு ஏன் பேய் பிடிக்கவில்லை என்றா கேட்கிறீர்கள்? எல்லோரும் கேட்டதுதான். பயந்தவள் நான். பிடித்திருந்தால் என்னைத்தானே பிடித்திருக்கவேண்டும். ஆனால் நான்தான் எதையும் பார்க்கவே இல்லையே.

பேய் பிடித்த பெண் வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். ஆனால் பந்தலுக்குச் சொல்லியாயிற்று, சொந்தக்காரர்களுக்கும் தெரிந்துபோயிற்று. இளையவளைக் குடு என்றாள். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அப்பா சரி என்றார். என்னைக் கேட்டார்களா என்றால், கேட்கிற மாதிரி ஒன்றும் இல்லை, அவசரம். பத்திரிகை வந்து இறங்கியிருந்தது, செண்பகவல்லி என்று. திரும்ப அடிக்க நேரம் இல்லை. என் பெயரைத் துண்டுத் தாளில் அடித்து வாங்கிவந்து, அந்தப் பெயருக்கு மேலே ஒட்டிவிடலாம் என்று அப்பா சொன்னார். ஒட்டுவதென்றால் வீட்டில் யார்? நான்தான். உட்கார்ந்து அத்தனையும் ஒட்டினேன். ஒன்றுகூடக் கோணவில்லை. பசை மை மேல் படவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால்தான் கீழே இன்னொரு பெயர் இருப்பது தெரியும். அப்பா எல்லோரிடமும் காட்டிச் சொன்னார், பாருங்க எப்படி ஒட்டியிருக்கான்னு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அத்தனை படத்தையும் கண் கொட்டாமல் பார்த்தவள், எனக்குத் தாலி கட்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பேயே வரவில்லை. வந்த காரியம் முடிந்துவிட்டது போல.

அவளைப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை, பாவம். டிரெயினிங் முடித்தாள், வாத்தியார் வேலை கிடைத்தது, திருச்சியில் வீடு வாங்கினாள். காரை அவளே ஓட்டுகிறாள். லீவு விட்டால் எங்கெங்கோ போய்வருகிறாள். ஒரு பேயால் அவள் வாழ்க்கை இப்படி ஆகிவிட்டது. எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சங்கரன்கோவிலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கல்யாணம் ஆகிப் போனபோதே வீட்டில் டி.வி. இருந்தது. மரக்கதவு வைத்த டி.வி., இழுத்துப் பூட்டலாம். அவர் செய்தி பார்த்துவிட்டுப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு போய்விடுவார். நான் வேலை முடிந்ததும் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். மரம் நல்ல மரம், பளபளவென்று இருக்கும். பிறகு பூட்டு இல்லாத டி.வி. வந்தது, கேபிள் வந்தது. அதற்குள் அவருக்கும் கொஞ்சம் வயசாகிவிட்டது. கை நீட்டுவது முன்னைப்போல் இல்லை. எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

இதோ கரிவலம் வந்துவிட்டது. யாரும் ஏறவில்லை.

என் மகள் அனுஷா காலேஜ் முடித்துவிட்டாள். மேலே படிக்கவேண்டும் என்கிறாள். அவர் தன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார், மதினி மகன் தினகரனுக்குத்தான் என்று. தினகரன் வந்து பார்த்தான். காபியில் சர்க்கரை பற்றவில்லை என்று டம்ளரைத் தள்ளிவிட்டான். அனுஷா காலில் கொட்டியது. மாமனை உரிச்சு வச்சிருக்கான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அனுஷா என்னிடம் வந்து, "அம்மா, நீ சொன்னா அப்பா கேப்பாரா?" என்றாள். கேட்கமாட்டார் என்றேன். உண்மையைத்தானே சொல்லமுடியும். அவள் சரி என்று போய்விட்டாள். பெரியம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று திருச்சிக்குப் போனாள்.

வந்த பிறகுதான் அது.

ஜாதகத்தைத் தட்டில் வைத்து அவர் பேசிக்கொண்டிருக்கிறார். நான் காய் அரிந்துகொண்டிருக்கிறேன். அனுஷா உள்ளேயிருந்து வந்தாள், முடி ஒருபக்கமாகக் கிடந்தது. தலை இடது தோளில் சாய்ந்தது. தண்ணி குடு என்றாள். எனக்குக் கத்தி கையிலிருந்து விழுந்துவிட்டது. அதே குரல், தங்கச்சி. அந்தக் கேசட் இப்போது உலகத்தில் எங்கேயும் கிடையாது, நான் கடைகளில் கேட்டிருக்கிறேன், போனில்கூட என் மகளிடமே தேடச் சொல்லியிருக்கிறேன். அவள் பிறக்கும் முன்னாலேயே அழிந்துபோன படம். பார்க்காத ஒன்றை ஒரு பிள்ளை எப்படிச் செய்யும்? குடத்தைத் தூக்கி முழுதாகக் குடித்தாள். குடித்துவிட்டுத் தினகரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கிணத்துக்குத் துணைக்கு வா என்றாள்.

அவர் எழுந்து கதவு வரை போய்விட்டார். அவருக்கு ஏற்கெனவே பார்த்த பேய் அல்லவா. இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் பயம் என்று ஒன்றை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தேன். அன்றைக்குப் போனவர் கடையிலேயே இருக்கிறார். அவர் போனதும் பேயும் போய்விட்டது. அனுஷா சிந்தின தண்ணீரைத் துடைத்து, குடத்தைக் கவிழ்த்து வைத்து, பசிக்கிறது என்று தோசை கேட்டாள். பேய் போனால் பசிக்கும் போலிருக்கிறது. செண்பகமும் அப்படித்தான் சாப்பிடுவாள்.

செண்பகத்துக்குப் போன் செய்தேன். "உன்னைப் பிடிச்சது என் பிள்ளையையும் பிடிச்சிட்டுக்கா" என்றேன். லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"அது ஒண்ணும் செய்யாது பட்டு. கல்யாணப் பேச்சை விட்டுட்டா தானா போயிரும்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குப் போச்சுல்லா."

அனுபவப்பட்டவள் சொல்கிறாள், அதைக் கேட்கத்தானே வேண்டும். பிறகு மெதுவாக, "நீ அன்னைக்கு நம்புனியா பட்டு?" என்று கேட்டாள். எதை என்றேன். ஒன்றுமில்லை என்றாள். ஜலதோஷம் போலிருக்கிறது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள். வெந்நீர் குடி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அவர் கடையிலிருந்து சொல்லிவிட்டிருக்கிறார். இது யாருக்கும் தெரியக்கூடாது, நீ போய்ப் பூவை வைத்து நாளைக் குறித்துவிட்டு வா, நடுவில் கோடாங்கியை வைத்துப் பேயை எடுத்துவிடலாம் என்று. அதற்குத்தான் இந்தப் பை. ஆனால் எனக்கு ஒரே பெண். அவளுக்குக் கீழே இன்னொருத்தி இருந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். இல்லை. துண்டுத் தாளில் அடிக்க வேறு பெயர் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். அவர்களுக்கும் ஒரே மகன். கிணற்றுக்குக் கூப்பிட்டது என்று தெரிந்தால் எந்தத் தாயும் யோசிப்பாள்.

மதினி நம்பவேண்டுமே என்றுதான் இருக்கிறது. பொல்லாதவர்கள். அன்றைக்கே நம்பாதவர்கள். மூத்தவ மாதிரியே இவளும் நடிக்கா, யாரு சொல்லிக் குடுத்தான்னு எனக்குத் தெரியாதா என்று ஆரம்பித்துவிட்டால் எனக்கு வாய் அடைத்துவிடும். நான் அவர்கள் முன்னால் இதுவரை எதிர்த்து ஒன்றும் பேசியதில்லை. அதனால்தான் டி.வி.யிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். எடுத்தவுடன் பேய் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பழைய கதை பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போய்ச் சொன்னால் நம்புவார்கள் அல்லவா? கேசட் எங்கேயும் கிடையாது என்கிற இடம் நன்றாகத்தான் வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

சோழபுரம் தாண்டியாயிற்று. இனி நேரே ராஜபாளையம்தான். இந்தப் பூ வாடிவிட்டதா பாருங்கள். வாடினால் வாடட்டும்.

ஒன்று கேட்கவேண்டும், தங்கச்சி. தினகரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது என்றேனே, அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதை இன்றைக்குக் காலையில் தலை பின்னும்போதுதான் சேர்த்தேன். கொஞ்சம் கூடிவிட்டதோ? மறைக்காமல் சொல்லுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன். எந்த இடத்தில் நம்பமுடியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். இறங்குவதற்குள் அதை மாற்றிக்கொள்கிறேன்.